அரை நிலாவுக்குப் பிடித்த கிரகணம்

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் ஒரு மொட்டை மாடியில், ஏழு பேர் முன்னால், என் கதை கவிழ்ந்தது. கவிழ்த்தவர் தேவனாம்பட்டினத்துக்காரர், எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். அவர் கேட்டது ஒரே ஒரு கேள்வி. கதை எழுதுகிறவர்கள் தங்கள் கதை எப்படிப் பிறந்தது என்று பக்கம் பக்கமாக எழுதுவார்கள், எப்படி ஊற்றிக்கொண்டது என்று யாரும் எழுதிப் பார்த்ததில்லை. ஆகவே ஆஸ்பத்திரி கேஸ் ஷீட் மாதிரி, என்ன அறிகுறி, எங்கே கோளாறு, என்ன மருந்து, பிழைத்ததா இல்லையா என்று எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். நடுவே வரிசை தவறும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நோயாளியைப் பற்றி. அறிவியல் புனைகதை, சுமார் 6,000 சொல். வேறொரு சூரியனின் கோளில் ஒரு விண்கலம் பழுதாகி இறங்குகிறது. ஆறு பேர். இறங்கிய இடம் கடற்கரை, பக்கத்தில் ஒரு குடியிருப்பு, அங்கே இருப்பவர்கள் மீன் பிடித்துச் சாப்பிடுகிறவர்கள், உலோகம் தெரியாது, எழுத்து கிடையாது, மிதவையில் கடலுக்குப் போய் வருகிறார்கள். முதலில் பயந்து ஒளிகிறார்கள், அப்புறம் பழகி மீனும் கிழங்கும் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். நாற்பது நாள் ஆனதும் நிறுத்திவிடுகிறார்கள். கலத்தில் சாப்பாடு தீர்ந்துவிட்டது. கலத்தின் தலைவி கணிப்பொறியைப் பார்க்கிறாள், அன்றிரவு சந்திர கிரகணம். ஊரைக் கூட்டி, "உங்கள் நிலாவை நான் எடுத்துக்கொள்கிறேன்" என்கிறாள். நிலா சிவந்து மறைகிறது, ஊர் காலில் விழுகிறது. தலைவிக்கு உள்ளுக்குள் வெட்கம். அந்த வெட்கம்தான் என் கதையின் ஆழம் என்று நான் நம்பியிருந்தேன்.

மாடியில் இருந்தவர்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மாதம் ஒருமுறை கூடி, எழுதியதை வாய்விட்டு வாசிப்போம், டீ வரும், மசால் வடை வரும், சண்டை வரும். அக்கா கூட்டத்தில் பேசுவது குறைவு. அவருடைய அப்பா கட்டுமரம் போனவர். நிலஅளவைத் துறையில் இருந்து ஓய்வு பெற்ற ஒரு ஐயா வருவார், திருப்பாதிரிப்புலியூர்க்காரர், கதையைவிடக் கணக்கில் ஆர்வம். பௌதிகம் படிக்கிற ஒரு கல்லூரிப் பையன். மற்றவர்கள் கவிதைக்காரர்கள், அன்றைக்கு அவர்கள் வாயே திறக்கவில்லை.

நான் வாசித்து முடித்தேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை, அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். அப்புறம் அக்கா கேட்டார்:

"தம்பி, ரெண்டு நாள் முன்னாடி அந்தப் பசங்க வலைய இழுத்துட்டுக் கரைக்கு வரும்போது, நடுராத்திரி, அரை நிலா மேற்க எறங்குதுன்னு எழுதியிருக்கியே. அப்ப அது அட்டமி. ரெண்டு நாள்ல எப்படி கெரகணம் புடிக்கும்?"

நான் தாளைப் புரட்டினேன். எழுதியிருந்தேன். அந்த வரி எனக்குப் பிடித்த வரியும்கூட.

தெரியாதவர்களுக்காக: சந்திர கிரகணம் பௌர்ணமியில்தான் வரும். சூரியனுக்கும் நிலாவுக்கும் நடுவே கோள் வந்து, கோளின் நிழல் நிலாவின் மேல் விழுந்தால்தான் கிரகணம். அப்போது நிலா சூரியனுக்கு நேர் எதிரே நிற்கும், அதாவது முழு வட்டமாக இருக்கும். நடு இரவில் மேற்கே இறங்குகிற அரை நிலா வளர்பிறை அட்டமி நிலா, பௌர்ணமிக்கு இன்னும் ஏழு நாள் பாக்கி. நான் அரை நிலாவுக்குக் கிரகணம் பிடிக்க வைத்திருந்தேன். விண்மீன் விட்டு விண்மீன் தாவுகிற ஆட்களைப் படைத்தவன் நான்.

பையன் காப்பாற்ற வந்தான். நல்ல பையன். "அக்கா, இது வேற கோள். அந்த நிலாவுக்கு மாசம்னா முப்பது நாள்தான் இருக்கணும்னு இல்லையே. எட்டு நாள்ல ஒரு சுத்து சுத்தினா, அரை நிலாவுலேர்ந்து முழு நிலாவுக்கு ரெண்டே நாள்." எனக்கு உயிர் வந்தது. ஐயா உடனே ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட ஆரம்பித்தார், பையனும் சேர்ந்துகொண்டான். கெப்ளர் விதிப்படி நம் நிலா எட்டு நாளில் சுற்ற வேண்டுமானால், அது இப்போது இருக்கும் தூரத்தில் பாதிக்கும் குறைவான தூரத்தில், சுமார் 1,70,000 கிலோமீட்டரில் இருக்க வேண்டும். கடலை ஏற்றி இறக்குகிற விசை தூரத்தின் மும்மடிக்குத் தலைகீழ். ஏற்றவற்றம் பதினோரு பன்னிரண்டு மடங்கு ஆகிவிடும். நம் கடலூர் கரையில் பௌர்ணமி அமாவாசைக்குக்கூட ஏறக்குறைய ஒரு மீட்டர்தான் தண்ணீர் ஏறி இறங்கும். அங்கே பத்து மீட்டருக்கு மேல். "அப்ப உன் ஊர்ல குடிசை எல்லாம் மூணாவது மாடிலதான் கட்டணும்" என்றார் ஐயா. இன்னொன்றும் உண்டு: நிலா அவ்வளவு கிட்டே இருந்தால் கிரகணம் அடிக்கடி வரும். அடிக்கடி வருகிற ஒன்றைப் பார்த்து யார் காலில் விழுவார்கள்?

அதோடு அன்றைய கூட்டம் முடிந்தது. வடை மிச்சம் இருந்தது, நான் எடுக்கவில்லை.

இனி கோளாறு எங்கே என்பது. முதலில் இதை ஒரு சின்னக் கவனப்பிசகு என்றுதான் நினைத்தேன். கடலூர் திரும்புகிற பேருந்திலேயே 'அரை நிலா'வை அடித்துவிட்டு 'நிறையப் போகும் நிலா' என்று எழுதினேன். வேலை முடிந்தது. ஆனால் அரியாங்குப்பம் பாலம் தாண்டும்போது ஒரு கேள்வி வந்து உட்கார்ந்துகொண்டது. தேவனாம்பட்டினத்தில் வளர்ந்த ஒருவருக்கு, கதையைக் காதால் ஒரு தடவை கேட்டதுமே நிலாவின் கணக்கு உதைக்கிறது என்றால், என் கதையில் வருகிற மீன்பிடிக்கிற ஊருக்கு அது ஏன் தெரியவில்லை? இரவில் கடலுக்குப் போகிறவர்கள். நிலாக் காலத்தில் எந்த வலைக்கு மீன் படாது, இருட்டில் எது படும் என்பதுதான் அவர்கள் சாப்பாடு. காற்றுக்கு வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று திசைக்கு ஒரு பெயர் வைத்து, நீவாடு, அதாவது கடல் நீரோட்டம், எந்தப் பக்கம் இழுக்கிறது என்று கையை விட்டுப் பார்க்கிற ஆட்கள். அவர்களைத் தலைமுறை தலைமுறையாக வானத்தை ஒருமுறைகூட நிமிர்ந்து பார்க்காதவர்களாக ஆக்கினால்தான் என் உச்சக்கட்டம் நிற்கும். நான் அவர்களை ஆதிமனிதர்கள் என்று எழுதியிருந்தேன், ஆனால் அந்த வெற்றிடம் அவர்களிடம் இல்லை, நான் செய்யாத வீட்டுப்பாடத்தில் இருந்தது. நிலா வரியைத் திருத்தினால் தீராது, கதையின் முதுகெலும்பே அங்கேதான் முறிந்திருந்தது.

சரி, இந்தக் கிரகண மிரட்டல் எனக்கு எங்கிருந்து வந்தது? நானாக யோசித்தது என்றுதான் சத்தியம் செய்திருப்பேன். கொலம்பஸ். 1503இல் அவருடைய கப்பல்கள் புழு அரித்து ஓட்டையாகி ஜமைக்கா கரையில் ஒதுங்கின. தீவுக்காரர்கள், தைனோ மக்கள், மாதக்கணக்கில் சாப்பாடு கொடுத்தார்கள். மாலுமிகளில் ஒரு கூட்டம் கலகம் செய்து ஊரைக் கொள்ளையடித்தது. சாப்பாடு நின்றது. கொலம்பஸ் கையில் ரெகியோமொன்டானஸ் கணித்த வானியல் அட்டவணை இருந்தது, 1504 பிப்ரவரி 29 இரவு கிரகணம் என்று அதில் இருந்தது. மிச்சம் உங்களுக்குத் தெரியும், என் கதையே அதுதான், நாற்பது நாள் என்று மட்டும் நான் சுருக்கியிருந்தேன். கவனிக்க வேண்டியது, இந்தச் சம்பவத்துக்குச் சாட்சி எல்லாம் கொலம்பஸ் பக்கத்துச் சாட்சிதான். அன்றிரவு என்ன நினைத்தார்கள் என்று தைனோ மக்கள் எழுதி வைத்த ஏடு எதுவும் நம்மிடம் இல்லை. சாப்பாட்டை நிறுத்தியதற்குக் காரணம் திருட்டு என்பதைக்கூட நான் என் கதையில் விட்டுவிட்டேன். என் ஊர் மக்கள் காரணமே இல்லாமல் நிறுத்தினார்கள். பழங்குடி என்றால் மனசு மாறும், அவ்வளவுதான் என்று கை தானாக எழுதியிருக்கிறது.

அடுத்த வாரம் ஐயா கூப்பிட்டார். "சோழி வெச்சு கிரகணம் போட்ட கதை தெரியுமா உனக்கு? நம்ம பாண்டிலதான்" என்றார். தெரியாது. அடுத்த இரண்டு மாதம் அதிலேயே போனது. இந்த வழக்கில் எனக்குக் கிடைத்த பெரிய லாபம் அதுதான், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

லெ ழாந்தி என்று ஒரு பிரெஞ்சு வானியலாளர் (பிரெஞ்சுக்காரர் பெயரில் 'ஜ' வந்தால் புதுச்சேரியில் நாங்கள் 'ழ' போடுவோம்). வெள்ளி சூரியனைக் கடக்கும் காட்சியை அளந்தால் சூரியன் எவ்வளவு தூரம் என்று கணக்கிடலாம் என்பதால், உலகம் முழுக்க ஆட்களை அனுப்பிய காலம். இவருக்கு விழுந்த இடம் புதுச்சேரி. 1760இல் பிரான்சை விட்டுக் கிளம்பினார். வந்து சேர்வதற்குள் 1761 ஜனவரியில் ஆங்கிலேயர்கள் புதுச்சேரியைப் பிடித்துவிட்டார்கள், கப்பல் திரும்பிவிட்டது. 1761 ஜூன் 6 அன்று வெள்ளி சூரியனைக் கடந்தபோது மனுஷன் நடுக்கடலில். ஆடுகிற தளத்தில் ஊசல் கடிகாரம் ஓடாது, நிற்கிற இடத்தின் தீர்க்கரேகையும் சரியாகத் தெரியாது, பார்த்தும் பிரயோசனமில்லை. அடுத்தது எட்டு வருடம் கழித்து. காத்திருக்கிறேன் என்று இந்தியப் பெருங்கடலிலேயே சுற்றினார். மணிலா போனார், அங்கே நிலைமை சரியில்லாமல் 1768இல் புதுச்சேரிக்கு வந்தார். ஊர் பிரெஞ்சுக்காரர்கள் கைக்குத் திரும்பியிருந்தது, ஆனால் ஆங்கிலேயர்கள் இடித்துப் போட்ட ஊர். இடிந்த கோட்டையின் மேலேயே கூடம் கட்டி, மதராசிலிருந்து ஆங்கிலேயர்களே இரவல் கொடுத்த தொலைநோக்கியையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். 1769 ஜூன் 4 விடியற்காலை. மேகம். வெள்ளி கடந்து முடித்த பிறகு வெயில் சுள்ளென்று அடித்தது. மணிலாவில் அன்று வானம் பளிச்சென்று இருந்ததாம். ஊருக்குப் போனால் இவர் செத்துவிட்டார் என்று சொத்தைப் பங்கு பிரித்துக்கொண்டிருக்கிறார்கள்.

இந்தக் கதையை எல்லோரும் துரதிர்ஷ்டத்துக்கு உதாரணமாகச் சொல்வார்கள். எனக்கு வேண்டியது அவர் புதுச்சேரியில் காத்திருந்த மாதங்களில் நடந்தது. உள்ளூர்க்காரர்கள் கிரகணம் கணிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, கற்றுக்கொள்ள உட்கார்ந்தார். 1765 ஆகஸ்ட் 30 சந்திர கிரகணத்தை அவர்கள் முறையில் கணித்துப் பார்த்ததில், கிரகணம் நீடித்த நேரம் நிஜத்தைவிட 41 விநாடி குறைந்தது. அப்போது ஐரோப்பாவில் உயர்வாக மதிக்கப்பட்ட டோபியாஸ் மேயரின் அட்டவணை போட்டால் 68 விநாடி கூடியது. ஒரு கிரகணத்தை வைத்து யார் கெட்டிக்காரர் என்று தீர்ப்புச் சொல்ல முடியாது, அது தனி. ஆனால் என் தலைவி நிலாவை எடுத்துக்கொள்கிறேன் என்று மிரட்டுகிற காட்சியை இந்த ஊரில் வைத்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். கூட்டத்தில் பின்வரிசையில் இருக்கும் ஒருவர், அம்மா எத்தனை நாழிகைக்கு என்று சொல்லலையே என்று கேட்பார்.

இதைவிட என்னைப் பிடித்துக்கொண்டது இன்னொருவர். ஜான் வாரன், மதராஸ் வானாய்வுக்கூடத்தில் இருந்தவர், தென்னிந்தியக் காலக்கணக்கு முறைகளைப் பற்றி 'கால சங்கலிதம்' என்ற பெரிய நூலை 1825இல் வெளியிட்டார். புதுச்சேரியில் ஒரு பஞ்சாங்கக்காரர் அவருக்கு ஒரு கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். காகிதம் இல்லை, எழுதுகோல் இல்லை. தரையில் சோழிகளைப் பரப்பி, நகர்த்தி, கூட்டி, கழித்து. அட்டவணை எல்லாம் மனப்பாடம், சொற்களாக. வாக்கியப் பஞ்சாங்கம், திருக்கணிதப் பஞ்சாங்கம் என்று வீட்டில் சண்டை நடக்குமே, சனிப்பெயர்ச்சி எந்தத் தேதி என்று, அந்த 'வாக்கியம்' இதுதான். நிலாவுக்கு மட்டும் 248 வாக்கியங்கள், வரருசி பெயரில் வழங்குபவை. ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண் உண்டு, கடபயாதி என்பார்கள். முதல் வாக்கியம் 'கீர்ந: ஸ்ரேய:'. கீ 3, ந 0, ரே 2, ய 1. பின்னாலிருந்து படித்தால் 1203, அதாவது 12 பாகை 3 கலை (பாகையில் அறுபதில் ஒன்று ஒரு கலை), முதல் நாள் நிலா நகரும் அளவு. கேட்பவர்களுக்கு அது ஏதோ ஸ்லோகம், உள்ளே இருப்பது நிலாவின் நகர்வு.

பக்கத்தில் ஒரு விண்கலம் இறங்கி, ஆட்கள் கேமராவோடு வந்தால் என்ன பதிவு செய்வார்கள்? 'பழங்குடியினர் சிப்பிகளை வைத்து ஏதோ சடங்கு செய்தபடி முணுமுணுக்கிறார்கள்.' நானே அப்படித்தான் எழுதியிருப்பேன். அறிவு இருக்கிறது, ஆனால் வந்தவர்களுக்கு அறிவாகத் தெரியாத மூட்டையில் கட்டி இருக்கிறது. என் இரண்டாம் வடிவம் இங்கேதான் முளைத்தது.

இந்த இடத்தில் ஒரு பிரேக். இதைப் படிக்கும் சிலர் 'நம் முன்னோர்கள் ஒன்றும் முட்டாள்கள் அல்ல' என்று வாட்ஸப்பில் அனுப்பத் தயாராகியிருப்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள். வாரனின் பஞ்சாங்கக்காரர் 1825 மே 31, ஜூன் 1 இரவுக் கிரகணத்துக்குப் போட்ட கணக்கை, கணித வரலாற்றாசிரியர் ஓட்டோ நியூகெபவர் பிற்பாடு எடுத்துப் பேசுகிறார். தொடக்கம் 4 நிமிடம்தான் பிசகு. நடு 23 நிமிடம், முடிவு 52 நிமிடம் பிசகு. அந்த முறைக்குப் பின்னால் உள்ள தத்துவம் அவருக்குத் தெரிந்திருக்கவில்லை, சோழி நகர்த்தத் தெரியும், ஏன் நகர்த்துகிறோம் என்று தெரியாது. இன்னொரு சிக்கலும் இருக்கிறது: நிலா தன் வேகம் கூடிக் குறைகிற சுழற்சியை ஒன்பது முறை முடிக்க 248 நாள் என்கிற அதே கணக்கு பாபிலோனியக் களிமண் பலகைகளில் உண்டு, எகிப்தில் கிடைத்த கிரேக்கப் பாப்பிரஸ்களிலும் உண்டு. யார் யாரைச் சந்தித்தார்கள், எந்தக் கப்பலில் எது வந்தது, இங்கே அது எப்படி வாக்கியமாக மாறியது என்பதெல்லாம் நீளும். எனக்குக் கிடைத்தது என்னவென்றால், மேதை ஊர் என்று எழுதினாலும் அது முதல் கதையின் மறுபக்கம்தான், அதிலும் ஆட்கள் இருக்க மாட்டார்கள். 52 நிமிடம் பிசகுகிற, ஆனால் நாளைத் தவறவிடாத ஒரு கிழவிதான் எனக்கு வேண்டும்.

புதுச்சேரிக்குப் பக்கத்தில் பழைய துறைமுக ஊர் இருந்த அரிக்கமேட்டுக்கும் போய் வந்தேன். காக்காயன்தோப்புப் பக்கம், ஆற்றங்கரையில், மரங்களுக்கு நடுவே பழைய பாதிரிமார் கட்டடத்தின் செங்கல் சுவர்கள் நிற்கும், மற்றபடி பார்க்க ஒன்றும் இருக்காது, பொருள் எல்லாம் அருங்காட்சியகத்தில். 1945இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் இங்கே தோண்டினார். இத்தாலிய மண்பாண்டம், ஒயின் ஜாடி எல்லாம் கிடைத்தது. அவர் அதைப் பற்றி எழுதியபோது வரைந்த சித்திரத்தின் சாரம் இது: இங்கே எளிய மீனவக் குடிகள் மெத்தனமாக வாழ்ந்துகொண்டிருந்தார்கள், திடீரென்று நினைத்தே பார்க்காத தூரதேசத்திலிருந்து அந்நிய மது, கண்ணாடி, விளக்கு, செதுக்கிய மணி எல்லாம் வந்து இறங்கின. படித்ததும் சிரிப்பு வந்தது. விண்கலம்தான் பாக்கி! பின்னால் 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி தலைமையில் மறுபடி தோண்டியபோது, ரோமானியச் சரக்கு வருவதற்கு முன்பே அங்கே ஊர் இருந்தது தெளிவானது. தமிழ்ப் பிராமி எழுதிய ஓடுகளும் அங்கே கிடைத்திருக்கின்றன. பானையில் தன் பெயரைக் கீறி வைக்கிற ஆளை எப்படி 'திடீரென்று விழித்த' ஆள் என்பது? நான் செய்த தப்பை ஒரு பெரிய தொல்லியலாளரும் செய்திருக்கிறார் என்பதில் கொஞ்சம் ஆறுதல், பொய் சொல்ல மாட்டேன்.

கடலூர்க்காரனாக இருந்துகொண்டு நான் மறந்த ஒன்றும் இருந்தது. அக்கா ஊரிலேயே நடந்தது. 1690இல் ஆங்கிலேயக் கும்பினி தேவனாம்பட்டினத்துக் கோட்டையைச் செஞ்சியில் இருந்த மராத்தியரிடம் வாங்கியது, அதுதான் புனித டேவிட் கோட்டை ஆனது. கோட்டையோடு சுற்றியுள்ள நிலமும் சேர்த்தி. எவ்வளவு நிலம்? பீரங்கி சுட்டால் குண்டு எவ்வளவு தூரம் போய் விழுமோ அவ்வளவு. சுட்டார்கள். குண்டு விழுந்த எல்லைக்குள் அகப்பட்ட ஊர்கள் 'குண்டு கிராமங்கள்' ஆயின. கடலூரில் குண்டு சாலை இன்றும் இருக்கிறது, குண்டு உப்பலவாடி இருக்கிறது. நான் சின்ன வயதிலிருந்து அந்தச் சாலையில் சைக்கிள் ஓட்டியிருக்கிறேன், யாரோ குண்டான ஆளின் பெயர் என்றுதான் நினைத்தேன். தொழில்நுட்பம் உள்ளவன் இல்லாதவனைச் சந்திக்கிற காட்சிக்கு நான் வேற்றுக்கோளும் ஜமைக்காவும் போய்த் தேடியிருக்கிறேன், சைக்கிள் டயருக்குக் கீழே கிடந்ததை விட்டுவிட்டு. இதில் கிரகணம், மந்திரம், காலில் விழுவது எதுவும் இல்லை. பத்திரம் எழுதி, காசு கொடுத்து, ஆனால் அளவுகோல் மட்டும் தன் பீரங்கி. காசு வாங்கியவர்கள் செஞ்சியில், குண்டு விழுந்தது உப்பலவாடியில்.

இனி மருந்து. இரண்டாம் வடிவத்தில் பாதிக் கதையை வெட்டினேன். ஊர் அதே ஊர், மிதவை, கருவாடு எல்லாம் அப்படியே. புதிதாக ஒரு வலை வந்தது. மீன் பிடிக்காத வலை. ஒரு கிழவியின் குடிசையில் தொங்குகிறது, ஒவ்வொரு பௌர்ணமிக்கும் ஒரு கண்ணி பின்னுவாள், கிரகணம் பிடித்த பௌர்ணமி என்றால் அந்தக் கண்ணியில் சிப்பி கோர்ப்பாள். ஒரு வரிசைக்கு 223 கண்ணி. ஏன் 223? அத்தனை பௌர்ணமி கழிந்தால், அதாவது 18 வருடமும் பத்துப் பதினோரு நாளும் ஆனால், கிரகணங்கள் அதே ஒழுங்கில் திரும்ப வரும். சரியாகச் சொன்னால் 6,585 நாளும் மூன்றில் ஒரு பங்கு நாளும். அந்த மூன்றில் ஒரு பங்குதான் தொல்லை, பூமி அதற்குள் மேலும் மூன்றில் ஒரு பங்கு சுழன்றுவிடுவதால் அடுத்த கிரகணத்தின்போது வேறு தேசத்துக்குத்தான் இரவாக இருக்கும். மூன்று வரிசை பின்னினால், 54 வருடத்துக்கு மேல், நம் ஊர் வானத்துக்கே கிட்டத்தட்ட அதே நேரத்தில் திரும்பும். ஆகவே கிழவியின் அம்மாவும், அவள் அம்மாவும் பின்னிய வலை அது. (இது நம் நிலாவின் எண், வேறு கோளுக்கு வேறு எண் வரும் என்று பையன் சொன்னான். தெரியும். வாசகருக்குத் தெரிந்த நிலாவையே அங்கேயும் தொங்கவிட்டேன், அந்த ஒரு சலுகையை எடுத்துக்கொண்டேன்.)

கலத்தில் வந்தவர்கள் அந்த வலையைப் பார்க்கிறார்கள். கிழிந்த பழைய வலை, நடுநடுவே சிப்பி, அலங்காரம் போல. பொறியாளர் ஒருவன் நார் என்ன வகை என்று பரிசோதிக்க ஒரு முழம் வெட்டி எடுக்கிறான். அனுமதி கேட்டான் என்று எழுதினேன், கிழவி தலையை ஆட்டினாள் என்றும் எழுதினேன், ஆனால் அவன் என்ன கேட்டான் என்று அவளுக்கு எப்படிப் புரியும்? அவன் மொழியும் அவளுக்குத் தெரியாது, தலையாட்டலும் அங்கே என்ன அர்த்தமோ.

இங்கே பையன் ஒரு நியாயமான சந்தேகம் எழுப்பினான். அவ்வளவு தூரம் வந்தவர்கள் அவ்வளவு மடையர்களா? சூரியனை விட்டால் நமக்கு மிக அருகிலுள்ள விண்மீன் பிராக்சிமா செண்டாரி 4.2 ஒளியாண்டு. 1977இல் கிளம்பிய வாயேஜர் 1 விநாடிக்கு 17 கிலோமீட்டர் வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது, அந்த வேகத்தில் அங்கே போக 70,000 வருடத்துக்கு மேல் ஆகும். அதைக் கடந்து வந்தவர்களுக்கு ஒரு வலை புரியாதா? நான் சொன்னேன், நிலாவின் பாதையை அவர்கள் ரேடாரில் ஒரு மணி நேரத்தில் அளந்துவிடுவார்கள், கிரகணத்தை விநாடி சுத்தமாகச் சொல்வார்கள், அதில் தப்பு இல்லை. ஆனால் அளக்கத் தெரிந்தவனுக்கு வலையைப் பார்க்க ஏன் தோன்றவேண்டும்? அவனிடம்தான் விடை இருக்கிறதே. பையன் யோசித்தான். முழுதாக ஒத்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

கிரகணக் காட்சி இப்போது இப்படி. தலைவி ஊரைக் கூட்டி அறிவிக்கிறாள், மிரட்டவில்லை, நல்ல எண்ணத்தில் எச்சரிக்கிறாள், பயப்படாதீர்கள் என்று. ஊர் அதற்குள் சமைத்து, சாப்பிட்டு, பாத்திரம் கவிழ்த்து, மிதவையை மேட்டுக்கு இழுத்துக் கட்டிவிட்டது. பிள்ளைகள் தூங்கிவிட்டார்கள். ஒரு கர்ப்பிணியை மட்டும் வெளியே வராதே என்று அதட்டுகிறார்கள் (இது நம் ஊர், என் அத்தை இன்றும் செய்வது, சாப்பாட்டில் தர்ப்பையைப் போட்டுவிட்டு). நிலா சிவக்கிறது. கிழவி சொன்ன நேரத்தைவிடக் கொஞ்சம் தாமதம். அவள் எழுந்துபோய்ச் சிப்பி கோர்க்கப் பார்க்கிறாள், அந்த முழம் இல்லை.

போன மாதம் அதே மாடியில் வாசித்தேன். கவிதைக்காரர்கள் இம்முறை பேசினார்கள், தலைப்பு பிடிக்கவில்லை என்றார்கள். ஐயா 223ஐப் பெருக்கிப் பார்த்துவிட்டு, மூன்று வரிசைக்கு 669 கண்ணி, ஒரு கை நீளத்தில் அடங்குமா என்று கேட்டார். கண்ணி எவ்வளவு பெரிது என்று நான் எழுதவே இல்லை. பையனுக்கு இன்னும் அந்தச் சந்தேகம் இருந்தது.

அக்கா கடைசிவரை பேசவில்லை. டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, கிளம்பும்போதுதான் கேட்டார்:

"அந்த வலைய வெட்டிட்டுப் போனானே, அதுக்குக் காசு குடுத்தானா?"

இல்லை அக்கா, அங்கே காசு கிடையாதே என்றேன்.

"காசு இல்லன்னா வேற ஏதாவது. மூணு தலைமுறை பின்னுனது. ஒரு முழம் நாருன்னு எடுத்துட்டுப் போயிட்டான், சரி, கெழவி வாசல்ல போய் நின்னு சும்மா விட்டுடுவாளா? எங்க ஊர்ல விட மாட்டாங்க தம்பி."

இப்போது மூன்றாம் வடிவம் எழுதிக்கொண்டிருக்கிறேன். கிழவி விண்கலத்தின் வாசலில் வந்து உட்கார்ந்திருக்கிறாள், மூன்று நாளாக. உள்ளே ஆறு பேரும் அவளுக்கு என்ன வேண்டும் என்று கூடிப் பேசுகிறார்கள். கிரகணத்தை விநாடி சுத்தமாகச் சொல்லிய கணிப்பொறியிடம் அந்த ஒரு முழத்துக்கு என்ன விலை என்று கேட்கிறார்கள். அதற்குமேல் கதை நகரவில்லை.